இடப்பக்கம் போன சிவப்புக் கம்பி

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தைதான் வேண்டுமென்றால் இதோ: எதையும் நம்பாதே, திறந்து பார். எடிட்டர் நாற்காலியில் இருந்த காலம் முழுக்க நான் செய்த வேலை இவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஓய்வு பெற்ற பிறகாவது யாரும் வெட்டாத ஒரு கட்டுரையை எழுதிப் பார்க்கிறேன்.

நான் மின்சாரம் படித்தவள். டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அதை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த நம் பதிப்பகத்துக்கு வந்தபோது வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. "நல்ல வேலையை விட்டுட்டு கதை புக்கு போடப் போறியா?" என்றார் என் அண்ணன். கதை இல்லை, கரண்ட்டைப் பற்றிய புத்தகம் என்றேன். "அதைத் தமிழ்ல எவன் படிப்பான்?" என்றார். அந்தக் கேள்வியை அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை விதவிதமான வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் பதில் சொல்வதை நிறுத்தினேன். புத்தகம் போடுவதை நிறுத்தவில்லை.

நம் தொழிலில் எனக்கு அடியோடு பிடிக்காத சொல் ஒன்று உண்டு. "தானே." பசங்க புக்குதானே. தமிழ் புக்குதானே. மட்டமான காகிதம் வாங்க, கிடைத்த படத்தைப் போட்டு ஒப்பேற்ற, பிழை பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். இங்கிலீஷ் புத்தகத்தில் தவறு இருந்தால் அச்சுப்பிழை என்பார்கள். தமிழ்ப் புத்தகத்தில் இருந்தால் தமிழில் எழுதினாலே இப்படித்தான் என்பார்கள். அதனால் நமக்கு மற்றவர்களைவிட வேலை அதிகம். தவறில்லாமல் போட வேண்டும். வந்துவிட்டால் ஒளிக்காமல் நிற்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு நாள் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நம் முதலாளி தன் கனவுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, முதலாளி என்றே சொல்கிறேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தெருக்கோடியில் பீரங்கி வண்டியை ஓட்டிப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டபடி பல் துலக்கிய ஆள். இயந்திரம் என்றால் கண் மின்னும். புத்தகம் இரண்டு பாதி. முதல் பாதி வீட்டு மின்சாரம்: மீட்டர், ஃபியூஸ், பிளக் பாயிண்ட், எர்த் கம்பி. இரண்டாம் பாதி நாளைய உலகம்: வெயிலைக் குடித்து ஓடும் பேருந்து, கடல் அலையில் எரியும் தெருவிளக்கு, பூந்தமல்லியில் ஏறினால் வானத்தில் இறக்கிவிடும் லிஃப்ட். இரண்டையும் ஏன் ஒரே அட்டைக்குள் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பிளக் பாயிண்ட் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் லிஃப்ட் கனவுக்குக் கால் முளைக்கும்" என்றார். வாதாட வந்தவள் வாயை மூடிக்கொண்டேன். ஆண்டுக்கு ஒரு முறை எனக்கு அது நடக்கும்.

புத்தகத்தின் நடுவில் எதிரெதிரே இரண்டு பக்கங்கள். வலது பக்கத்தில், கரண்ட் இருந்தால் பல்பு எரிகிற டெஸ்டரைக் கையில் பிடித்து ஒரு பெண் பிளக் பாயிண்ட் முன்னால் நிற்கும் படம். பிளக் பாயிண்டுக்குள் போகும் மூன்று கம்பிகளும் தெரியும்படி வரைந்தது. மேலே பச்சை, அது எர்த். நேரே நின்று பார்த்தால் வலப்பக்கம் சிவப்பு, கரண்ட் வருகிற கம்பி. இடப்பக்கம் கறுப்பு, கரண்ட் திரும்பிப் போகிற கம்பி. இதையெல்லாம் எழுத்தில் அடுக்காமல் "படத்தில் உள்ளபடி" என்று விட்டிருந்தோம். எதிர்ப் பக்கத்தில் பெரிய காலிக் கட்டம். "உன் இயந்திரத்தை இங்கே வரை" என்பது மட்டும் கீழே.

எஸ்டேட்டில் ஒரு பெரிய நிறுவனம் இந்தப் புத்தகத்தை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுக்க முன்வந்தது. முதலில் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளி, மேடை போட்டு விழா. அது நன்றாக நடந்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம். அப்படி ஒரு வாய்ப்பு நமக்கு அதுவரை வந்ததில்லை. நான் எல்லாப் பக்கங்களையும் பார்த்து முடித்து, அச்சுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்து மேலாளரிடமிருந்து ஒரு பக்க வாழ்த்துரை வந்து சேர்ந்தது. முதல் பக்கமாக வர வேண்டுமாம். அச்சகத்தில் மிஷின் காத்திருக்கிறது. நம் லே-அவுட் ஆள் சையத், கடைசியில் இருந்த காலிப் பக்கத்தை எடுத்துவிட்டு முன்னால் வாழ்த்துரையைச் சேர்த்து அனுப்பிவிட்டான்.

சையத்தைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். பூந்தமல்லிக்காரன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை கூடினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில்தான் இது நடந்தது. முன்னால் ஒரு பக்கம் சேர்ந்தால் என்ன ஆகும்? வலப்பக்கம் இருந்ததெல்லாம் இடப்பக்கம் போகும். எதிரெதிரே இருந்த படமும் காலிக் கட்டமும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களாகிவிடும். லே-அவுட் ஆட்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: படத்தில் இருக்கும் மனிதர்கள் புத்தகத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. பக்கம் மாறியதும் நம் டெஸ்டர் பெண் புத்தகத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். சையத்துக்கு மனசு கேட்கவில்லை. படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டான். சோம்பேறி இந்தத் தவறைச் செய்யவே மாட்டான். அக்கறை உள்ளவன் மட்டும்தான் செய்வான்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் திருமழிசையில் இருக்கும் பைண்டிங் கூடத்துக்குப் போனேன். அங்கே எல்லாமே தேவகிதான். கட்டு முடிந்து வரும் முதல் புத்தகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பது அவள் வழக்கம். கல்யாணப் பத்திரிகை மாதிரி.

"மொத புக்கு மேடம். மஞ்ச வெச்சிகீறேன். பாருங்க, எப்டி ஜோரா கீது."

ஜோராகத்தான் இருந்தது. புது மையின் வாசனை. நடுவில் திறந்தேன். டெஸ்டர் பெண். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். காலில் ரப்பர் செருப்பு போடச் சொல்லி, பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லி, ஓவியரோடு மல்லுக்கட்டி உருவாக்கிய பெண். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னவோ சரியில்லை. டெஸ்டர் அவளுடைய இடக்கையில் இருந்தது. இவள் எப்போது இடக்கைக்காரி ஆனாள்?

நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் நிஜமான பிளக் பாயிண்ட், அதில் மேஜை ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். சுவரில் சிவப்பு என் வலக்கைப் பக்கம். படத்தில் சிவப்புக் கம்பி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

உங்களில் மின்சாரம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினாலும் ஃபேன் ஓடும், மிக்ஸி அரைக்கும். அதுதான் ஆபத்தே. ஒன்றுமே ஆகாதது போலிருக்கும். ஆனால் மிக்ஸியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று ஒருத்தி கழற்றிப் பார்க்கும்போது, அணைந்துவிட்டதாக அவள் நினைக்கும் கரண்ட் உள்ளேயே காத்திருக்கும். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் தோன்றும்? நம் பக்கத்து வீடுகளில் பிளக் பாயிண்ட் உடைந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்? பத்தாவது படிக்கிற பிள்ளை மெயினை அணைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடும். பக்கத்தில் நம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

சையத்துக்குப் போன் போட்டேன்.

"அந்தப் படத்தைத் திருப்பினியா?"

"ஆமாக்கா. வெளிய பாத்துகினு இருந்துச்சு, அசிங்கமா கீதேன்னு திருப்பி வுட்டேன். ஏங்க்கா?"

டெஸ்டர் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அவன் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"கம்பியும் திரும்பிக்கிச்சா?"

முதலாளி காரில் வந்து சேர்ந்தார். பக்கத்து சீட்டில் சையத், பேயறைந்த முகம். வேன்காரர் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கான கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. முதலாளி படத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியதில்லை, பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் நாளைய மேடைதான் நின்றது.

"எத்தனை பேரு இதைக் கவனிப்பாங்க?" என்றார்.

"கவனிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். கவனிக்காம நம்புறவங்களுக்குத்தான் ஆகும்."

"ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு உள்ள வெச்சுருவோம். 'படத்தில் பிழை, திருத்திக்கொள்ளவும்'னு."

இதற்கு நான் பதில் சொல்லும் முன் சையத்தே வாயைத் திறந்தான். "மொத நாளே மடிச்சி ராக்கெட் வுட்ருவானுங்க சார்."

படத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார். ஸ்டிக்கரைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பிரிக்கத்தான் தோன்றும், அடியில் இருப்பதைத்தான் முதலில் படிப்பார்கள் என்றேன். நாளைக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்ப வாங்கித் தாளை மாற்றிக் கொடுக்கலாம் என்றார். இது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் நானே சறுக்கப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போன புக்கு திரும்பி வராது சார். வந்தா அது படிக்காத புக்கு. படிச்ச பிள்ளைதான் குடுக்காது. நமக்கு எந்தப் பிள்ளையைப் பத்திக் கவலை?"

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? புதுத் தாள் அடிச்சு ஒட்டிக் காயறதுக்குள்ள விழா முடிஞ்சிரும். மேடைல வெறுங்கையை வீசிக்கிட்டு நிக்கறதா?"

"இந்த ஒரு தாளை மட்டும் வெட்டிடுவோம். விரலகலம் மிச்சம் விட்டு வெட்டினா, அப்புறம் அதுல புதுத் தாளை ஒட்டிக்கலாம். மீதிப் புத்தகம் நாளைக்குப் போகட்டும். சரியான தாளை அடுத்த வாரம் நானே கொண்டுபோறேன்."

"வெட்டின புக்கையா? மேடைலயா?" அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தாள் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "தமிழ் புக்குதானே, இப்படித்தான் கிழிஞ்சு கிடக்கும்னு சிரிக்க மாட்டாங்களா? இத்தனை வருஷம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நாளைக்கும் அதைக் கேக்கணுமா நான்?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய வலி எனக்கும் வலிதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அவங்க சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் சார். இதை மூடி மறைச்சுக் குடுத்தா, தமிழ் புக்குதானேன்னு நாமளே சொன்ன மாதிரி. அதை என்னால சொல்ல முடியாது."

அவர் வேன்காரரைப் பார்த்து, "ஏத்துப்பா" என்றார். நம்மிடம் அப்போது இருந்த வழக்கம், எடிட்டர் தலையாட்டினால்தான் கட்டு ஏறும். வேன்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. "முதலாளி நானா அவங்களா? ஏத்துங்கறேன்" என்றார் அவர். வேன்காரர் ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார்.

அப்போது நான் செய்தது யோசித்துச் செய்ததில்லை. தேவகியின் மேஜையில் கிடந்த பிளேடை எடுத்தேன். மஞ்சள் வைத்த முதல் புத்தகத்தை விரித்து, அந்தத் தாளை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வெட்டினேன்.

"ஐயோ, மொத புக்கு மேடம்!" என்று தேவகி தலையில் கை வைத்துக்கொண்டாள். மஞ்சள் வைத்ததை வெட்டுவதாவது! எனக்குப் பயமே இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். அந்த நிமிஷத்தோடு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

முதலாளி என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே சுவரோரம் போய் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த பிளக் பாயிண்ட் முன்னால் நின்றார். தாளை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். வெகுநேரம் நின்றார். திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"தேவகி, இன்னொரு பிளேடு இருக்கா?"

தோளில் கட்டோடு நின்றிருந்த வேன்காரர் அதை இறக்கி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். மடிக்கிற பெண்கள், நான், முதலாளி, எல்லோரும் தரையில் வட்டமாக. பொழுது சாய்வதற்குள் அந்தப் பள்ளிக்கான கட்டுகள் முழுவதும் முடிந்தன. வெட்டிய தாள்கள் எங்கள் நடுவில் குவிந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு இடக்கைக்காரி. எல்லோரையும்விட அதிகம் வெட்டியவன் சையத். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது முதலாளி என்னிடம் மெதுவாக, "இவனை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"என்ன பண்ணணும்? இந்த ஊர்லயே இனிமே இவனை மாதிரி ஜாக்கிரதையா எவனும் படத்தைத் திருப்ப மாட்டான். இப்பப் போயி இவனை அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பி வைக்கணுமா?" என்றேன். முதலாளி அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாள் காலை விழா. புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாகிவிட்டது. மேடையில் மேலாளர் உட்கார்ந்த வாக்கில் புத்தகத்தைப் புரட்டியவர், நடுவில் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். மேடைக்கு ஓரத்தில் நின்றிருந்த என்னிடம் எழுந்து வந்தார்.

"மேடம், இது டேமேஜ் பீஸ். எங்க கம்பெனி பேரு போட்டிருக்கு முதல் பக்கத்துல!"

"முதல் பக்கத்தை வெட்டலை சார். உங்க வாழ்த்துரை பத்திரமா இருக்கு." பிறகு என்ன நடந்தது, ஏன் வெட்டினோம் என்று முழுவதும் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சின்னப் படம். பசங்க படிக்கற தமிழ் புக்குதானே மேடம். பேசாம விட்டிருக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பேசுகிறவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. போய் மைக்கைப் பிடித்தேன். "பிள்ளைங்களா, உங்க புக்கை நடுவுல திறங்க. ஒரு தாளை வெட்டி எடுத்திருக்கோம். வெட்டினது நாங்கதான். அதுல கரண்ட் வர்ற கம்பியைத் தப்பான பக்கம் போட்டுட்டோம். தப்பான படத்தை உங்க கையில குடுக்க எங்களுக்கு மனசு வரலை" என்றேன். சலசலப்பு அடங்கியது. மைக் செட்டுக்குக் கரண்ட் எடுத்திருந்த பிளக் பாயிண்டைக் காட்டி, "இதுக்கு நேரே நின்னு பார்த்தா சிவப்புக் கம்பி வலது பக்கம் போகணும். வலது கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று நானும் தூக்கினேன். அவர்களுக்கு எதிரே நான் நின்றிருந்ததால் பாதிப் பேர் என்னைப் பார்த்து இடக்கையைத் தூக்கினார்கள். ஒரே சிரிப்பு. எங்கள் படத்துக்கு நடந்ததும் அதேதான் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, விருந்தினர் வரிசையைப் பார்த்தபடி மறுபடியும் வலக்கையைத் தூக்கினேன். என் பின்னால் பள்ளி முழுவதும் வலக்கையைத் தூக்கியது. மேலாளர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாழ்த்துரை வந்ததால்தான் பக்கம் மாறியது என்று அங்கே சொல்லியிருக்கலாம். நன்றாகக் கைதட்டல் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. காரணம் யாராக இருந்தாலும் புத்தகம் நம்முடையது. "சரியான தாள் அடுத்த வாரம் வரும். அதோட பின்பக்கம் உங்க இயந்திரத்தை வரையக் கட்டம் போட்டிருந்தோம். அதுவரைக்கும் உங்க பேப்பர்ல வரைஞ்சு வைங்க" என்று முடித்தேன்.

அந்த நிறுவனம் பிறகு நம்மிடம் வரவில்லை. மற்ற பள்ளிகள் என்ற பேச்சும் அன்றோடு போயிற்று. முதலாளிக்கு அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே புத்தகத்தைப் புதுத் தாளோடு மாங்காட்டுக் கோயில் தெருவிலிருந்து ஆவடி மார்க்கெட் வரை அவரே மேஜை போட்டு விற்றார். "தமிழ்ல எவன் படிப்பான்" என்று கேட்டவர்களிடம் "நீங்க படிக்க வேணாம், உங்க பிள்ளைகிட்டக் குடுங்க" என்றார். இன்றும் அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது. உங்கள் மேஜையில் இருப்பது அதுதான்.

இப்போது உங்களுக்குப் படத்தைச் செயலியே வரைந்து தந்துவிடுகிறது. அழகாகத்தான் வரைகிறது. சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதில் அதற்கு ஒரு கவலையும் இல்லை. அந்தக் கவலைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். வானத்துக்கு லிஃப்ட் விடுகிற புத்தகம் போடுங்கள், அதைவிடப் பெரிய கனவும் போடுங்கள், யார் சிரித்தாலும் போடுங்கள். ஆனால் கீழ்வீட்டு பிளக் பாயிண்ட் சரியாக இருக்க வேண்டும்.

சொன்னபடி அடுத்த வாரம் நானும் சையத்தும் புதுத் தாள்களும் பசை டப்பாவுமாக அந்தப் பள்ளிக்குப் போனோம். வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து ஒட்டினோம். பத்தாம் வகுப்பில் பவித்ரா என்ற பெண் மட்டும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றாள்.

"உங்க பேப்பர் எனக்கு வேணாம் மிஸ்."

"ஏம்மா?"

"நானே வரைஞ்சு ஒட்டிகினேன். ஊட்ல டெஸ்டர் வெச்சி நானே பாத்துட்டேன், பல்பு ரைட் சைடுதான் எரியுது. உங்குளுதுதான் ரைட்டான்னு நான் இனிமே செக் பண்ணணும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சர் அதட்டினார். நான் புத்தகத்தைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். நாங்கள் விட்டிருந்த விரலகலத்தில் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. ஒரு பக்கத்தில் அவளுடைய இயந்திரம்: தெருவில் நடக்கிறவர்களின் கால் மிதியில் கரண்ட் எடுத்துத் தெருவிளக்கை எரிய வைப்பது. மறுபக்கத்தில் பிளக் பாயிண்ட் படம். பச்சை மேலே. சிவப்பு வலப்பக்கம். கறுப்பு இடப்பக்கம். எல்லாம் சரி. ஆனால் முன்னால் நின்ற பெண் டெஸ்டரை இடக்கையில் பிடித்திருந்தாள்.

"இது ஏன் இந்தக் கைல?" என்றேன்.

பவித்ரா பேனாவை எடுத்துக் காட்டினாள். அது அவளுடைய இடக்கையில் இருந்தது. "நான் இந்தக் கைதான் மிஸ். கம்பி எங்கயும் மாறல, பாருங்க."

சையத் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கோடு கோணல், தாள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண் புத்தகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே வெளியே பார்க்கிறாள். இவனுக்கு இன்று சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, இது வெளிய பாக்குது" என்றான். பிறகு அவனே புத்தகத்தை மூடி, அழுத்தித் தடவி, அவள் கையில் கொடுத்தான். "பாக்கட்டும்."